யூத் சாக்கர்ல ரெஃப்ரிக்கு துணையா நிக்கறதும் பசங்களுக்கு ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப் பழக்கறதும்: பேரன்ட்ஸ், கோச், டீம் மேனேஜர் எல்லாருக்கும் முழு வழிகாட்டி

அமெரிக்கால சாக்கர் சீசன் வந்தாச்சுன்னா நம்ம தமிழ் வீடுகள்ல சனிக்கிழமை மொத்தமும் ஃபீல்டுலதான் கழியுது. ஷின் கார்டு, க்ளீட்ஸ், மடக்கு சேர், தண்ணி பாட்டில்னு எல்லாத்தையும் பாத்துப் பாத்து எடுத்துட்டுப் போறோம், ஆனா அங்க போய் உக்காந்தப்புறம் என்ன பேசலாம் என்ன பேசக்கூடாதுன்னு யாருமே நமக்கு சொல்லித் தர்றதில்ல. புதுசா புள்ளைய லீக்ல சேத்திருக்கவங்க, "கோச் யாரும் கிடைக்கல நீங்க பண்றீங்களா"ன்னு கேட்டு மாட்டிக்கிட்ட அப்பாங்க, டீம் மேனேஜரா இருக்க அம்மாங்க, எல்லாருக்கும் சேத்துதான் இத எழுதறேன்.

முதல்ல ஒண்ணு மட்டும் மனசுல ஏத்திக்கோங்க, மத்த எல்லாமே அதுல இருந்துதான் வருது. அண்டர் 8, அண்டர் 10 (எட்டு, பத்து வயசுக்குட்பட்ட பசங்க) கேம்ல மஞ்ச சட்ட போட்டுக்கிட்டு விசிலோட நடுவுல ஓடுது பாருங்க, அது நிறைய நேரம் எட்டாங்கிளாஸோ ஒம்பதாங்கிளாஸோ படிக்கற ஒரு புள்ள. பல ஸ்டேட்ல 13, 14 வயசுலயே கோர்ஸ் முடிச்சு லைசென்ஸ் வாங்கிடலாம். நம்ம புள்ள பாஸ் பண்ணக் கத்துக்கற அதே ஃபீல்டுலதான் அந்தப் புள்ளையும் எங்க நிக்கணும், எப்ப ஊதணும், கைய எப்படிக் காட்டணும்னு கத்துக்குது. நம்ம புள்ள காலியா இருக்க கோல்ல அடிக்காம விட்டா "பரவால்லடா கண்ணு, அடுத்தது பாத்துக்கலாம்"னு கை தட்டறோம், அதே வயசுப் புள்ள ஒரு த்ரோ-இன்ன தப்பா குடுத்துட்டா மட்டும் நாப்பது வயசு ஆளு எந்திரிச்சு நின்னு கத்தறாரு, இது எந்த ஊரு நியாயம் சொல்லுங்க. இப்படி ரெண்டு மூணு வாரம் வாங்கிக் கட்டிக்கிட்டா அந்தப் புள்ள அடுத்த சீசன் வராது, அப்புறம் ஷெட்யூல்ல கேம் இருக்கும் ரெஃப்ரி இருக்க மாட்டாங்க, கடைசில கோச்சே விசில் ஊதணும் இல்ல கேமே கேன்சல்.

கத்தறது கத்தறதோடயே நின்னுடும்னும் நினைக்காதீங்க. 2013 ஏப்ரல்ல யூட்டா மாநிலத்துல ரிக்கார்டோ போர்ட்டில்லோன்னு 46 வயசு ரெஃப்ரி ஒரு யூத் கேம்ல யெல்லோ கார்டு காட்டினாரு, அதுக்கு 17 வயசு கோல்கீப்பர் விட்ட ஒரே குத்துல கோமாவுக்குப் போய் ஒரு வாரத்துல இறந்துட்டாரு. அதுக்கு முந்தின டிசம்பர்ல நெதர்லாந்துல ரிச்சர்ட் நியூவென்ஹைசன், தன் பையனோட டீமுக்காக வாலன்டியரா லைன்ல கொடி புடிச்ச ஒரு அப்பா, கேம் முடிஞ்சதும் எதிர் டீம்காரங்க அடிச்சதுல மறுநாளே போயிட்டாரு. அமெரிக்க சாக்கரோட தலைமை அமைப்பான யூ.எஸ். சாக்கர் 2025 மார்ச் 1ல இருந்து ரெஃப்ரிகள திட்டறது, மிரட்டறது, கை வைக்கறதுன்னு தனித்தனியா பிரிச்சு குறைஞ்சபட்ச தண்டனையோட ஒரு பாலிசி கொண்டு வந்திருக்காங்கன்னா சும்மா இல்ல. உங்க லீக் கையெழுத்து வாங்கற கோட் ஆஃப் காண்டக்ட ஸ்க்ரோல் பண்ணித் தள்ளாம ஒரு தடவ முழுசா படிங்க, நம்மளால நம்ம புள்ளையோட கோச்சே சஸ்பெண்ட் ஆகற மாதிரி லீக்கெல்லாம் உண்டு.

ஸ்டெப் 1: சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பேரன்ட்ஸ ஒக்கார வெச்சுப் பேசுங்க

முதல் ப்ராக்டிஸ் அன்னிக்கு பசங்க வார்ம்-அப் பண்றப்ப பதினஞ்சு நிமிஷம் போதும், ஈமெயில்ல அனுப்பினா யாரும் படிக்க மாட்டாங்க. கோச் என்ன சொல்லணும்னா, நம்ம டீம்ல ரெஃப்ரிகிட்ட பேசறது கோச் மட்டும்தான், பேரன்ட்ஸ் பேசக்கூடாது, பசங்கள்ல கேப்டன் மட்டும் மரியாதையா கேக்கலாம். அவ்ளோதான். சாக்கர் சட்டத்த எழுதற ஐ.எஃப்.ஏ.பி.யே 2024ல இந்த "கேப்டன் மட்டும்" முறைக்கு வழிகாட்டுதல் குடுத்திருக்காங்க, ஒவ்வொரு டீமுக்கும் கையில பட்டி கட்டின கேப்டன் இருக்கணும்னும் சட்டத்துல சேத்துட்டாங்க. சின்னப் பசங்க டீம்ல அந்தப் பட்டிய வாரா வாரம் மாத்திக் குடுங்க, நல்லா ஆடற பையனுக்கே எப்பவும் குடுக்காதீங்க, அமைதியா இருக்க பொண்ணுகிட்ட குடுத்துப் பாருங்க, ரெஃப்ரிகிட்ட போய் கை குடுத்து பேர் சொல்ல அதுவும் கத்துக்கும்.

பசங்களுக்கு எதச் சொல்லித் தரணும்னு தெரியலன்னா பாசிட்டிவ் கோச்சிங் அலையன்ஸ்னு 1998ல ஸ்டான்ஃபோர்டுல ஆரம்பிச்ச அமைப்பு ஒண்ணு இருக்கு, அவங்க அஞ்சு விஷயத்துக்கு மரியாதை குடுன்னு சொல்லுவாங்க: ஆட்டத்தோட ரூல்ஸ், எதிர்ல ஆடறவன், ரெஃப்ரி, கூட ஆடறவன், அப்புறம் நீயே. ஒவ்வொரு வாரமும் ஒண்ண எடுத்துக்கிட்டு ப்ராக்டிஸ் கடைசில ரெண்டு நிமிஷம் பேசினா போதும். 1964ல கலிஃபோர்னியால டாரன்ஸ் ஊர்ல ஆரம்பிச்ச ஏ.ஒய்.எஸ்.ஓ. லீக்ல புள்ளைய சேத்திருந்தீங்கன்னா, அங்க ஒவ்வொரு புள்ளையும் குறைஞ்சது பாதி கேமாவது ஆடியே ஆகணும்ங்கறது அடிப்படை விதி, நல்ல ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப்ங்கறதும் அவங்களோட ஆறு கொள்கைல ஒண்ணு.

இன்னொரு வேலையும் அன்னிக்கே முடிச்சிடுங்க. பேரன்ட்ஸ்லயே பொறுமையான ஆள் ஒருத்தர சைடுலைனுக்குப் பொறுப்பா போடுங்க. அவர் பையில ஒரு பாக்கெட் லாலிபாப் இருக்கணும், யாராவது சூடாகற மாதிரி தெரிஞ்சா பக்கத்துல போய் உக்காந்து "சார், இந்தாங்க"ன்னு ஒண்ண நீட்டணும், வாயில லாலிபாப் வெச்சிக்கிட்டு யாராலயும் கத்த முடியாது. இங்க நிறைய லீக்ல சைலன்ட் சாட்டர்டேன்னு ஒரு நாள் வெச்சு எல்லா பேரன்ட்ஸுக்கும் லாலிபாப் குடுத்து உக்கார வெக்கறாங்க, அன்னிக்கு பசங்க ஒருத்தர ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிட்டு தாங்களே முடிவெடுத்து ஆடறத நீங்களே பாக்கலாம்.

வாட்சப் க்ரூப்புக்கும் ஒரு கட்டுப்பாடு வேணும்: கேம் முடிஞ்சு 24 மணி நேரம் ரெஃப்ரி பத்தி ஒரு வார்த்தை போடக்கூடாது, வீடியோ க்ளிப் வெட்டிப் போடறது எப்பவுமே கூடாது. அந்தக் க்ளிப்புல இருக்கறது மைனர் புள்ளைங்க.

ஸ்டெப் 2: ரூல்ஸ் கத்துக்கோங்க, பாதிச் சண்ட அங்கயே தீந்துடும்

நம்மள்ல நிறைய பேரு தெருவுல கிரிக்கெட் ஆடி வளந்தவங்க. கிரிக்கெட்ல அப்பீல் பண்ணாதான் அம்பயர் அவுட்டே குடுப்பாரு, "ஹவ்ஸாட்"னு கத்தறது ஆட்டத்துலயே ஒரு பகுதி, பேட்டிங் டீம் ஆளே அம்பயரா நிக்கற ஊர்ல வாதாடி ஜெயிக்கறதும் ஒரு திறமையா இருந்துச்சு. அந்தப் பழக்கம் சாக்கர் ஃபீல்டுக்கு அப்படியே வந்துடுது. இங்க அப்பீல்னு ஒண்ணே கிடையாது, நாம கேக்காமயே ரெஃப்ரி பாத்து முடிவெடுப்பாரு, ஆட்டத்துல நடந்தது பத்தி அவர் எடுத்த முடிவே இறுதின்னு அஞ்சாவது சட்டம் சொல்லுது. மொத்தமே 17 சட்டம்தான், ஃபோன்ல இலவசமா கிடைக்குது, சைடுலைன்ல அடிக்கடி சண்ட வர்ற இடங்கள மட்டும் இங்க சொல்றேன்.

ஹேண்ட்பால். பால் கையில பட்டாலே ஃபவுல்னு நினைச்சு மொத்த சைடுலைனும் "ஹேண்ட்பால்!"னு கத்தும். வேணும்னே தொட்டானா, இல்ல கைய இயல்புக்கு மாறா விரிச்சு உடம்ப பெருசாக்கி மறைச்சானான்னுதான் ரெஃப்ரி பாக்கணும். பக்கத்துல இருந்து வேகமா அடிச்ச பால் ஒட்டி வெச்ச கையில பட்டா ஒண்ணும் கிடையாது. எட்டு வயசுப் பொண்ணு முகத்த மறைக்கக் கை தூக்கினதுக்கு நாம ஃபவுல் கேக்கறது நமக்கே நல்லால்ல.

ஆஃப்சைடு. எதிர் டீமோட பாதில, பாலையும் அவங்களோட கடைசிக்கு முந்தின ஆளையும் தாண்டி கோல் பக்கம் நிக்கறதுதான் ஆஃப்சைடு இடம். அங்க நிக்கறதே தப்பில்ல, அங்க நின்னுட்டு ஆட்டத்துல கலந்துக்கறதுதான் தப்பு. அதுவும் பால் வந்து சேந்தப்ப எங்க இருந்தான்னு பாக்கக்கூடாது, கூட்டாளி பால உதைச்ச அந்த நொடில எங்க இருந்தான்னு பாக்கணும். அதனாலதான் நமக்கு ஆஃப்சைடு மாதிரி தெரியறது சரியான கோலா இருக்கும். த்ரோ-இன், கோல் கிக், கார்னர் கிக் இதுல இருந்து நேரா வாங்கினா ஆஃப்சைடே கிடையாது. இன்னொண்ணு, இத சரியா பாக்கணும்னா கடைசிக்கு முந்தின டிஃபெண்டருக்கு நேரா நிக்கணும், அங்க நிக்கறது லைன்ல கொடியோட இருக்க அசிஸ்டன்ட் ரெஃப்ரி (ஏ.ஆர்.) மட்டும்தான், சேர்ல சாஞ்சு உக்காந்திருக்க நமக்கு அந்தக் கோணம் கிடைக்கவே கிடைக்காது.

"பாலத்தானே எடுத்தான்!" இதுவும் தினம் கேக்கறதுதான். பால மொதல்ல தொட்டுட்டு அதே வேகத்துல ஆள சாச்சா அதுவும் ஃபவுல் ஆகலாம். ரெஃப்ரி விசில் ஊதாம ரெண்டு கையையும் முன்னால நீட்டினா "பாக்கல"ன்னு அர்த்தமில்ல, ஃபவுல் ஆனவங்களுக்கே பால் கிடைச்சு நல்ல வாய்ப்பு இருக்கு, அதனால ஆட விடறேன்னு அர்த்தம்.

வயசுக்கு வயசு ரூல் மாறும்ங்கறது புது பேரன்ட்ஸுக்கு சுத்தமா தெரியாது. அண்டர் 8ல நாலுக்கு நாலு, கோல்கீப்பரே இல்ல. அண்டர் 10ல ஏழுக்கு ஏழு, ஒவ்வொரு பாதிலயும் பெனால்டி ஏரியாவுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில பில்ட்-அவுட் லைன்னு ஒரு கோடு இருக்கும், கோல்கீப்பர் கையில பால் இருந்தா எதிர் டீம் அந்தக் கோட்டுக்குப் பின்னால போயிடணும், கீப்பர் பால கையில இருந்து விட்டு தூக்கி உதைக்கவும் கூடாது. அண்டர் 11 வரைக்கும் தலையால முட்டக்கூடாது, வேணும்னு முட்டினா எதிர் டீமுக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக், அதாவது நேரா கோல் அடிக்க முடியாத ஃப்ரீ கிக். டிவில பிரீமியர் லீக் பாத்துட்டு வந்து இதையெல்லாம் "ரெஃப்ரிக்கு ரூலே தெரியல"ன்னு சொல்றவங்கள நான் ஒவ்வொரு சீசனும் பாக்கறேன், ரூல் தெரிஞ்சு ஊதின அந்தப் புள்ளைக்கு எவ்ளோ வலிக்கும்.

ஸ்டெப் 3: கேம் அன்னிக்கு, விசில் ஊதறதுக்கு முன்னாடி

கோச் அர மணி நேரம் முன்னாடியே போய் ரெஃப்ரிய தேடிப் பிடிச்சு கை குடுத்து பேர் கேளுங்க, அப்புறம் கேம் முழுக்க "ஏ ரெஃப்"னு கூப்பிடாம பேர் சொல்லிப் பேசுங்க. பசங்களோட ப்ளேயர் கார்டு (லீக் குடுக்கற அடையாள அட்டை) தயாரா இருக்கட்டும், பொண்ணுங்க கம்மல கழட்டி வெச்சிடுங்க, ஷின் கார்டு சாக்ஸுக்கு உள்ள இருக்கணும். நம்ம வீடுகள்ல காது குத்தின கம்மல கழட்ட மனசு வராது, டேப் ஒட்டினா விடுவாங்களான்னு கேப்பாங்க, விட மாட்டாங்க, நகைய டேப்பால மூடறதும் சட்டப்படி ஒத்துக்க முடியாது. ரெஃப்ரி அத சொன்னதும் அவங்ககிட்ட மல்லுக்கு நிக்காம வீட்லயே கழட்டிட்டு வந்துடுங்க.

பேரன்ட்ஸ் சேரெல்லாம் கோட்டுல இருந்து நல்லா தள்ளிப் போடுங்க, ஏ.ஆர். அந்த வழியாத்தான் பக்கவாட்டுல ஓடணும். கோலுக்குப் பின்னால யாரும் நிக்கக்கூடாது, நம்ம புள்ள கீப்பரா இருந்தாலும்.

சின்ன கேம்ல ஏ.ஆர். இல்லன்னா ரெஃப்ரி ஒவ்வொரு டீம்ல இருந்தும் ஒரு பேரன்ட்ட கொடி புடிக்கச் சொல்லுவாரு. அதுக்குப் பேர் க்ளப் லைன்ஸ்மேன், பால் முழுசா கோட்டத் தாண்டிடுச்சுன்னா கொடி தூக்கணும், அவ்ளோதான் வேலை, ஆஃப்சைடு, ஃபவுலெல்லாம் காட்டக்கூடாது. தயங்காம கை தூக்குங்க. அதிகமா கத்தற அப்பாகிட்ட கொடியக் குடுத்தா பத்து நிமிஷத்துல ஆளே மாறிடறாரு, ஓடிக்கிட்டே பாக்கறது எவ்ளோ கஷ்டம்னு அப்பதான் தெரியுது.

ஸ்டெப் 4: கேம் நடக்கறப்ப

என்ன கத்தலாம்? "சூப்பர்", "நல்ல ட்ரை", "ஷபாஷ்", எதிர் டீம் கோல்கீப்பர் நல்லா தடுத்தா அதுக்கும் கை தட்டு. என்ன கூடாது? "பாஸ் பண்ணு, ஷூட் பண்ணு, பின்னால போ"ன்னு ரன்னிங் கமெண்டரி, அது கோச்சோட வேல. ரெஃப்ரி பத்தி எதுவுமே கூடாது, பெருமூச்சு, தலைல அடிச்சுக்கறது, "ஐயோ"ன்னு இழுக்கறது எல்லாம் அதுலயே சேத்தி.

நம்ம ஆளுங்ககிட்ட ஒரு தனிப் பழக்கம் இருக்கு, இங்லீஷ்ல கத்தினா பிரச்சன ஆகும்னு தமிழ்ல ரெஃப்ரிய திட்டறது. "இவனுக்குக் கண்ணு தெரியுதா இல்லியா"ன்னு சொன்னா அந்த அமெரிக்கப் புள்ளைக்கு வார்த்த புரியாம இருக்கலாம், குரல் நல்லாவே புரியும். நம்ம புள்ளைக்கு வார்த்தையும் புரியும். கூட ஆடற இன்னும் ரெண்டு தமிழ்ப் பசங்களுக்கும் புரியும்.

கோச்சா இருந்தா இன்னும் கவனம். ரெஃப்ரிகளுக்கு யூ.எஸ். சாக்கர் சொல்லிக் குடுத்திருக்க வரிசை ஒண்ணு இருக்கு, முதல்ல நிறுத்துங்கன்னு கேப்பாங்க, அடுத்து கண்டிப்பா சொல்லுவாங்க, மூணாவது வெளிய அனுப்பிடுவாங்க. 2019ல இருந்து கோச்சுக்கும் யெல்லோ, ரெட் கார்டு காட்டலாம். பேரன்ட்டுக்கு கார்டு காட்ட முடியாது, அதனால ரெஃப்ரி கேம நிறுத்தி கோச்சக் கூப்பிட்டு "உங்க ஆளுங்கள அடக்குங்க"ன்னு சொல்லுவாரு, மத்த பசங்க முன்னாடி நம்மளால கோச் தலைகுனிஞ்சு நடந்து வரணும். ஏதாவது கேக்கணும்னா ஹாஃப் டைம்ல தனியா போய், "அந்த ரெண்டாவது ஃப்ரீ கிக் எதுக்குன்னு எங்க பசங்களுக்கு சொல்லணும், கொஞ்சம் விளக்க முடியுமா"ன்னு கேளுங்க. பதில கேட்டுட்டு தேங்க்ஸ் சொல்லிட்டு வந்துடுங்க, வாதம் வேணாம்.

தப்பான கால் வரும், வராம இருக்காது. அந்த நொடில ஃபீல்டுல இருக்க பசங்க என்ன பண்றாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? ரெஃப்ரிய ஒரு பார்வ பாத்துட்டு ஒடனே தலைய திருப்பி சைடுலைன்ல அப்பா அம்மா மூஞ்சியப் பாக்கும். அங்க நீங்க கைய விரிச்சு கோவமா நின்னா அந்தப் புள்ளையும் கைய விரிக்கும், நீங்க கை தட்டி "சரி விடு, பால பாரு"ன்னா அதுவும் ஓட ஆரம்பிச்சிடும். டீமுக்குன்னு ஒரு சைகை வெச்சிக்கோங்க, தப்பு நடந்தா, அது தன் தப்போ ரெஃப்ரி தப்போ, தோள தட்டிவிட்டுட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போறது. பத்து வயசுப் பசங்களுக்கு பேசறத விட சைகை நல்லா பதியும்.

ஒரே ஒரு விஷயத்துல அமைதியா இருக்க வேணாம், அது பாதுகாப்பு. தலைல அடி பட்டிருக்கு, புள்ள தள்ளாடுதுன்னு தெரிஞ்சா கோச் ஒடனே ரெஃப்ரிக்கு குரல் குடுக்கலாம், குடுக்கணும். ஆட்டம் ரொம்ப முரட்டுத்தனமா போகுதுன்னா பால் வெளிய போனப்ப "பசங்க சேஃப்டி பத்தி கவலையா இருக்கு, ரெண்டு பக்கமும் கொஞ்சம் பாருங்க"ன்னு நிதானமா சொல்லுங்க. ரெண்டு பக்கமும்னு சொல்றது முக்கியம், நம்ம பசங்களையும் சேத்துதான்.

ஸ்டெப் 5: எதிர் டீமும் பசங்கதான்

அடிபட்டு ஒரு புள்ள விழுந்தா ரெண்டு டீமும் இருக்க இடத்துலயே ஒத்தக் கால மண்டி போட்டு உக்காரணும், எந்திரிச்சதும் கை தட்டணும், இது இங்க இருக்க அழகான வழக்கம், முதல் ப்ராக்டிஸ்லயே பழக்கிடுங்க. ஆறு கோல் முன்னாடி போயிட்டோம்னா கோச்சுக்கு வேல இருக்கு: கோல் அடிச்சவன டிஃபென்ஸுக்கு மாத்துங்க, அஞ்சு பாஸுக்கு அப்புறம்தான் ஷூட், இடது கால்லதான் அடிக்கணும்னு வைங்க. ஆனா அத சத்தமா சொல்லாதீங்க, எதிர் டீம் பசங்க காதுல விழுந்தா அதவிட அவமானம் வேற இல்ல, சப்ஸ்டிட்யூட் மாத்தறப்ப காதோட சொல்லி அனுப்புங்க.

கேம் முடிஞ்சதும் வரிசையா கை தட்டிட்டுப் போறப்ப ரெஃப்ரிக்கும் கை குடுக்கணும், அவரையும் அந்த வரிசைல சேத்துக்கோங்க. அப்புறம் பேரன்ட்ஸ் எல்லாரும் எதிரெதிரா நின்னு கைய மேல கோத்து டன்னல் கட்டுவாங்க, அதுக்குள்ள ரெண்டு டீம் பசங்களும் கலந்து ஓடட்டும். தோத்து அழுதுட்டு இருந்த புள்ளைங்க கூட வெளிய வர்றப்ப சிரிச்சிட்டே வருதுங்க.

ஸ்டெப் 6: கேம் முடிஞ்சப்புறம்

கார்ல ஏறினதும் ஆட்டத்த அலசாதீங்க. "நீ ஆடறத பாக்க எனக்கு சந்தோஷமா இருந்துச்சு, பசிக்குதா?" அது போதும். ரெஃப்ரி பத்தி புள்ள பேச ஆரம்பிச்சா கேளுங்க, ஆமா போடாதீங்க. "நீ அந்த இடத்துல இருந்தா என்ன ஊதியிருப்ப?"னு கேளுங்க, புள்ள யோசிக்க ஆரம்பிக்கும்.

நெஜமாவே கம்ப்ளெயின்ட் இருக்குன்னா அதுக்கு வழி இருக்கு. ஒரு நாள் போகட்டும், அப்புறம் கோச் மூலமா லீக்குக்கோ, எந்த கேமுக்கு எந்த ரெஃப்ரின்னு பிரிச்சுக் குடுக்கற ரெஃப்ரி அசைனருக்கோ எழுதுங்க. தேதி, ஃபீல்டு, எத்தனாவது நிமிஷம், என்ன நடந்துச்சு, அவ்ளோ மட்டும். "எப்பவுமே எங்களுக்கு எதிரா"ன்னு எழுதினா யாரும் மதிச்சுப் படிக்க மாட்டாங்க. நல்லா பண்ணின ரெஃப்ரி பத்தியும் ரெண்டு வரி அனுப்புங்க, அசைனர் மெயில்பாக்ஸ்ல திட்டு மட்டும்தான் வருது, நீங்க அனுப்பற ரெண்டு வரிய அவங்க அந்தப் புள்ளைக்கு ஃபார்வர்டு பண்ணுவாங்க.

கேம் முடிஞ்சும் யாராவது ரெஃப்ரிய விடாம துரத்திப் பேசறாங்கன்னா நீங்க சண்டைக்குப் போகாதீங்க. அந்தப் புள்ளகிட்ட போய் பக்கத்துல நின்னு "உன் பேரன்ட்ஸ் எங்க, கார் வரைக்கும் நானும் வர்றேன்"னு சொல்லி இன்னொரு பேரன்ட்டோட சேந்து கூட நடங்க. பாத்தத அன்னிக்கே லீக்குக்கு எழுதுங்க, தப்பு பண்ணினது நம்ம டீம் ஆளா இருந்தாலும் எழுதுங்க.

ஸ்டெப் 7: நம்ம வீட்ல இருந்தே ஒரு ரெஃப்ரி

வயசு வந்த புள்ளைங்கள ரெஃப்ரி கோர்ஸ்ல சேத்து விடுங்க. யூ.எஸ். சாக்கர்ல க்ராஸ்ரூட்ஸ் ரெஃப்ரின்னு முதல் நிலை லைசென்ஸ், ஆன்லைன் பாடமும் ஃபீல்டு பயிற்சியும் சேந்தது, வருஷா வருஷம் புதுப்பிக்கணும். ஒவ்வொரு கேமுக்கும் காசு குடுக்கறாங்க, டீனேஜ் புள்ளைக்கு சொந்தமா சம்பாதிச்ச மொதல் பணமா அது இருக்கும். பெரியவங்களும் சேரலாம், 18 தாண்டினவங்களுக்கு பேக்ரவுண்டு செக்கும் சேஃப்ஸ்போர்ட்னு பசங்க பாதுகாப்பு பத்தின பயிற்சியும் உண்டு.

லீக் போர்டுல இருக்கவங்களுக்கு ஒரு வேண்டுகோள். புது ரெஃப்ரிய முதல் நாளே அண்டர் 12 ஃபைனலுக்கு அனுப்பாதீங்க, அண்டர் 8ல ஆரம்பிக்க விடுங்க. முதல் ரெண்டு மூணு கேமுக்கு அனுபவம் உள்ள பெரியவர் ஒருத்தர மென்ட்டரா லைன்ல நிக்க வைங்க, அவர் இருந்தாலே பேரன்ட்ஸ் பாதி அடங்கிடுவாங்க. இங்கிலாந்துல 18 வயசுக்குக் கீழ இருக்க ரெஃப்ரிகள் ஊதா கலர் கைப்பட்டி கட்டறாங்க, அந்த மாதிரி ஒண்ணு நம்ம லீக்லயும் வெச்சா "இது சின்னப் புள்ள"ன்னு எல்லாருக்கும் தூரத்துல இருந்தே தெரியும். காசு தாமதிக்காம குடுங்க. மென்ட்டர் கேம் முடிஞ்சதும் தப்ப வரிசையா அடுக்க வேணாம், "எந்த கால் உனக்கே சந்தேகமா இருந்துச்சு?"ன்னு கேட்டா போதும், அந்தப் புள்ளையே கொட்டிடும், அதுல ஒண்ண மட்டும் எடுத்து எங்க நின்னிருந்தா நல்லா தெரிஞ்சிருக்கும்னு ஃபீல்டுலயே நடந்து காட்டுங்க.

கிட்டுக்கு பெருசா செலவில்ல: மஞ்ச சட்ட, கருப்பு ஷார்ட்ஸ், கருப்பு சாக்ஸ், விசில் ரெண்டு, வாட்ச், கார்டு ரெண்டும் வெக்கற சின்ன வாலட், டாஸுக்கு ஒரு காசு. வீட்டு பின்பக்கம் போய் விசில பலமா ஊதிப் பழகச் சொல்லுங்க, புது ரெஃப்ரிகள் கூச்சப்பட்டு மெதுவா ஊதறதாலயே பாதிக் குழப்பம் வருது. ஸ்ப்ரிங் சீசன்ல ரெஃப்ரியா நிக்கணும்னா கோர்ஸ் குளிர்காலத்துலயே நடக்கும், சீட்டும் சீக்கிரம் நிரம்பிடும், உங்க ஸ்டேட் ரெஃப்ரி கமிட்டி சைட்ட டிசம்பர்ல இருந்தே பாத்துட்டு இருங்க.